கீல் இறங்குவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் பழைய கேட்டலினா 22 பாய்ப்படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்விங் கீல், அதாவது படகின் அடியில் தொங்கி அதை நிமிர்த்திப் பிடிக்கும், மேலே மடக்கக்கூடிய கனத்த தகடு. ட்ரெய்லரில் நிற்கிறது. "கீல் நன்றாக வேலை செய்கிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: கீல் முழுசாக இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு. ட்ரெய்லரில் உட்கார்ந்த படகில் கீல் மடங்கிப் பாதி உள்ளே மறைந்திருக்கும். அடியில் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் துருவும் தெரியாது. என் தலையிலும் அப்படி ஒரு படகைக் கட்டினார்கள். சுரண்டச் சுரண்ட இரும்பு ஏடு ஏடாக உரிந்து வந்தது.

அந்தக் கீல் சுமார் 550 பவுண்டு வார்ப்பிரும்பு. தொங்குவது ஒரே ஒரு பின்னில் (உலோக அச்சாணி), ஏற்றி இறக்குவது ஒரே ஒரு கேபிள். பின் தேய்ந்தால் ஓட்டை நீள்வட்டமாகி, அலையில் கீல் டொக் டொக்கென்று இடிக்கும். கேபிள் அறுந்தால் அத்தனை எடையும் ஒரேயடியாக விழும். ஃபைபர் உடைந்து தண்ணீர் புகுந்தால் படகே மூழ்கலாம். அதனால் படகு பழுதுபார்க்கும் யார்டில் படகைப் பட்டை கட்டித் தூக்கச் சொல்லுங்கள். கீலைக் கடைசிவரை இறக்கி, பக்கத்தில் நின்று முனையை அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். தாராளமாக ஆடினால் பின்னை மாற்ற வேண்டியதுதான். கேபிளைத் துணியால் உருவுங்கள். துணி எங்கேயாவது மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. தூக்கும் கூலி உங்கள் செலவாகவே இருக்கட்டும். அதற்கும் விற்பவர் சம்மதிக்கவில்லையா? எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கீலைப் பூட்டும் போல்ட்டை முறுக்க வேண்டுமா?

பதில்: ஆழமான நீரில், காற்று பலமாக இருந்தால் முறுக்குங்கள். படகு 90 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தால் பூட்டாத கீல் மடங்கி உள்ளே விழுந்துவிடும். படகை நிமிர்த்த வேண்டிய எடையே அதுதான். ஆழம் குறைந்த இடத்தில் தளர்த்தி வையுங்கள். தரை தட்டும்போது கீல் மடங்க வழி வேண்டும்.

கேள்வி: கீலைத் தூக்கி வைத்துப் பாய் விரித்தால் வேகம் கூடுகிறது. பிள்ளைகளுக்கும் ஜாலி. தப்பில்லையே?

பதில்: தப்பு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: எனக்குப் படகை விற்றவர் விளம்பரத்தில் "வின்ச் புதுசு" என்று போட்டிருந்தார் (கீல் கேபிளைச் சுற்றி ஏற்றி இறக்கும் கைச்சக்கரம்). முதல் நாளே பிரேக் நழுவி, கைப்பிடி சுழன்று என் மணிக்கட்டை உடைத்துவிட்டது. பார்த்தால் பழைய வின்ச்சுக்குப் பெயிண்ட். பணம் திரும்புமா?

பதில்: படிக்கவே மனசு பதறுகிறது. முதலில் கை குணமாகட்டும். "இருக்கிற நிலையில் விற்பனை" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், பொய் சொல்லி விற்றவர் அதற்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்ள முடியாது. விளம்பரம், குறுஞ்செய்திகள், மருத்துவமனை பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். டெக்சாஸில் 20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம்) வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். அந்த வின்ச்சைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் சாட்சி. அப்புறம், புதுசு மாட்டியதும் அதன் பிரேக் தட்டில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; நழுவும்.