மீன் எந்தத் துறைக் கணக்கில்?

வணக்கம் ஐயா,

என் மகள் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து நாடுகளை வரிசைப்படுத்திய பட்டியலொன்றைப் போனில் காட்டி, "அம்மா, இலங்கையைத் தேடவே விரல் வலிக்குது" என்றாள். இந்தக் கணக்கு சரியா? எங்களுக்கு விஞ்ஞானம் வராதா?

சுகந்தி, உப்புவெளி

அன்புள்ள சுகந்தி,

மகளின் விரல் பொய் சொல்லவில்லை. 2004இல் பிரித்தானிய அரசின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் டேவிட் கிங் ஒரு கணக்குப் போட்டார். உலகில் மற்ற ஆய்வாளர்கள் மிக அதிகம் மேற்கோள் காட்டிய 1 வீதக் கட்டுரைகளில் 98 வீதத்துக்கும் மேல் 31 நாடுகளிடம். மிச்ச 162 நாடுகளுக்கும் சேர்த்து 2 வீதம்கூட இல்லை. நாங்கள் அந்த மிச்சத்தில். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தைக்கூட ஆய்வுக்கு ஒதுக்காத நாடு இது. தென்கொரியா 4 வீதத்துக்கு மேல் செலவழிக்கிறது. வராதா என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஆனால் எண்ணுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். விடியப்புறம் கொட்பே துறைமுகத்துக்குப் போயிருப்பீர்கள். பலநாள் கலத்திலிருந்து ஐஸோடு இறங்கும் சூரையின் முதுகில், எந்தக் கடலில் பிடித்தது என்று எழுதியிருக்காது. எங்கே இறக்கித் தராசில் போடுகிறார்களோ, அந்தத் துறையின் கணக்கு. கட்டுரையும் அப்படித்தான். எழுதியவர் பெயருக்குக் கீழே எந்த நாட்டு நிறுவனத்தின் முகவரியோ, அந்த நாட்டுக்கு ஒன்று.

1980களின் முற்பகுதியில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பல் வந்து, திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. திமிங்கிலம் எங்கள் கடலில். எழுதியவரின் முகவரி கனடா என்றால் கட்டுரை கனடாவுக்கு. வழிகாட்டிய படகோட்டி இருந்தால், அவருக்குக் கடைசியில் ஒரு நன்றி வரி கிடைத்தாலே பெரிய விசயம்.

கூட்டாக எழுதினால் கூத்து இன்னும் கூடும். நாலு பிரித்தானியரும் ஒரு பேராதனைப் பல்கலைக்கழகக்காரரும் சேர்ந்து எழுதியதை ஒரு பட்டியல் இரண்டு நாட்டுக்கும் முழுசாக ஒவ்வொன்று என்று எண்ணும். இன்னொன்று பங்கு பிரித்து, எங்களுக்கு 0.2 தரும். 2015இல் ஹிக்ஸ் என்ற, அணுவுக்கும் சிறிய துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் வெறும் பெயர்ப்பட்டியல், கலியாண மொய்க்கொப்பி மாதிரி! முழுசாக எண்ணினால், அதில் ஒரேயொரு ஆள் இருக்கிற சின்ன நாட்டுக்கும் அதன் மேற்கோள் அத்தனையும் வரவு. சின்னப் பல்கலைக்கழகத்துக்கும் இதே கதைதான். அதனால்தான் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசை அதே வருடம் ஆயிரம் பேருக்கு மேல் எழுதிய கட்டுரைகளை ஒதுக்கி வைத்தது.

தமிழில் எழுதிய ஆய்வு? அந்த மீன் பெரும்பாலும் தராசுக்கே வராது. கட்டுரைகளைத் திரட்டி எண்ணும் சர்வதேசச் சுட்டிகள் ஆங்கிலத்துக்குப் பழகியவை.

சரி, மகளுக்கு ஒரு வேலை. ஸ்கோபஸ் என்ற கட்டுரைச் சுட்டி வேண்டாம், காசு கேட்கும். கட்டுரைகளை இலவசமாகத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் புறாமலைப் பவளப்பாறை பற்றிய கட்டுரைகளைத் தேடி, முதல் பெயருக்குக் கீழே எந்த ஊர் முகவரி என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். முடிந்ததும் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.