இந்தியாவுக்கு ஆடாவிட்டால் பையன் என்ன செய்வான்?

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பையன் பத்தாவது போகப்போகிறான், ஹாக்கி விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது, கோல்கீப்பர். "சேர்த்துவிட்டால் படிப்பு போய்விடுமே, இந்தியாவுக்கு ஆடாவிட்டால் என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோவில்பட்டிக்காரருக்கு ஹாக்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து உங்கள் ஊரில் பயிற்சி எடுத்த கார்த்தி செல்வமும் இந்திய அணியில் 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போனதை நீங்களே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பீர்கள். அதனால் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் அணிக்கு 16 பேர்தான். பாரிஸ் 2024-இல் அந்த 16 பேரில் கோல்கீப்பர் ஒரே ஒருவர், ஸ்ரீஜேஷ். 2018-இலிருந்து இந்தியாவுக்கு ஆடிவந்த கிரிஷன் பதக், டோக்கியோவிலும் பாரிஸிலும் மாற்று வீரராகவே இருந்தார். முன்கள ஆட்டக்காரனுக்கு நான்கைந்து இடம் இருக்கும், உங்கள் பையனுக்கு ஒன்றுதான்.

ஆனால் கோல்கீப்பர் மெதுவாகத்தான் பழுப்பான். ஸ்ரீஜேஷ் இந்திய சீனியர் அணிக்கு வந்தது 2006-இல், ஓய்வு பெற்றது 2024-இல். ஆக, 19 வயதில் ஜூனியர் அணிக்கு எடுக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் வாங்க ஸ்ரீஜேஷின் அப்பா பசுவை விற்ற கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் கடன் வாங்கக் கிளம்பாதீர்கள். விடுதியில் இருக்கும் கிட் அவன் அளவுக்குச் சேருகிறதா என்று முதலில் நேரில் பாருங்கள். ஹெல்மெட்டை மாட்டித் தலையை ஆட்டச் சொல்லுங்கள். தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் ஆடினால் அது அவனுக்கானது இல்லை. தொண்டைக் காப்பு, நெஞ்சுக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு மூன்றும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக்கில் அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும், இதில் கூச்சப்படாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளி அணிக்கும் இந்திய அணிக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. வேலை கொடுப்பது பெரும்பாலும் அந்த நடுப்படிகள்தான். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் 'படிவம்' என்று ஒன்று கேட்பார்கள். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடியவருக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளிப் போட்டிக்கு 4. கோப்பையும் பதக்கமும் ஷோகேஸுக்கு, வேலைக்கு இந்தக் காகிதம். என்னிடம் வந்த ஒரு பையன் பள்ளி அளவில் தேசியப் போட்டி ஆடியவன். ஆடிய வருடமே படிவம் வாங்காமல் விட்டுவிட்டான். ஆறு வருடம் கழித்து அலைந்தபோது கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாறியிருந்தார், பழைய பதிவேடும் கைக்குக் கிடைக்கவில்லை. போட்டி முடிந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். லாமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை, அதில் தளர்வு கிடையாது. அங்கே ஆட்டத் தகுதியோடு படிப்பையும் பார்ப்பார்கள்: கடைநிலைப் பணிக்குப் பத்தாவது, அடுத்ததற்கு பிளஸ் டூ, அதற்கும் மேலே டிகிரி. ஒரே அணியில் ஆடிய இரண்டு பேரில் ஒருவன் டிகிரி முடித்திருந்தால், அவனால் மட்டும் மேல் பணிக்கு விண்ணப்பிக்க முடியும். வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், ராணுவம் என்று அணி வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தைப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போடாதீர்கள். 2024 ஏலத்தில் அப்போதைய இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார், உண்மைதான். குறைந்தபட்ச அடிப்படை விலை 2 லட்சம் என்பதும் உண்மைதான். அதே லீக் 2017-க்குப் பிறகு ஏழு வருடம் நடக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வந்தால் நல்லது, அதை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று இப்போதே யோசியுங்கள். போட்டிக்கென்று வாரக்கணக்கில் வெளியூர் போகிறவன் செய்முறைத் தேர்வுகளில் திணறுவான். வணிகவியல் சுலபமாகத் தாங்கும். பிசியோதெரபி ஆசை இருந்தால் மட்டும் உயிரியல் வேண்டும், அப்போது விடுதியிலேயே ட்யூஷன் ஏற்பாடு கேளுங்கள். பயிற்சியாளர் ஆக ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் பி.பி.எட். அல்லது பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற கையோடு ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கியது அவர் பயிற்றுவித்த அணிதான்.

விடுதியில் சேர்க்கப் போகும் அன்று வார்டனிடம் ஒன்று கேளுங்கள்: போன வருடம் பிளஸ் டூ எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆட்கள் பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். "எல்லாம் நல்லா இருக்காங்க" என்று மழுப்பினால் எனக்கு போன் செய்யுங்கள்.

அடுத்த முறை வரும்போது பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இத்தனையும் உங்களிடமே பேசிவிட்டேன், அவனிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.