நியூ ஜெர்சிக்குக் குடும்பத்தோடு மாறுகிறோம், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்: எந்த ஊரில் வீடு பார்க்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: கணவருக்கு மன்ஹாட்டனில் வேலை, எச்-1பி விசா. மகள் சென்னையில் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், மகன் இரண்டாம் வகுப்பு. எடிசனா, பிளெய்ன்ஸ்பரோவா, ஜெர்சி சிட்டியா, எல்லோரும் புகழும் பிரின்ஸ்டனா என்று குழப்பம்.

நானும் எச்-4 விசாவில் (எச்-1பிக்காரரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தரும் விசா) பிள்ளைகளோடு மத்திய நியூ ஜெர்சிக்கு வந்தவள்தான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ரயில் ஏறி வேலைக்குப் போகிறவரை மனதில் வைத்து ஊர் தேடாதீர்கள். அவர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க அந்த ஊரில் இருக்கப்போவது நீங்களும் பிள்ளைகளும். உங்கள் மூவருக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று யோசித்து அதற்குத் தோதான முகவரியைப் பிடியுங்கள், ரயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் என்று சொல்லாமல் முகவரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, ஆனால் நாம் விரும்பிய பள்ளியில் போய்ச் சேர்க்கவும் முடியாது, வீடு எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) இருக்கிறதோ பொதுவாக அங்கேதான் இடம். இந்தச் சின்ன மாநிலத்தில் 564 நகராட்சிகள், ஏறக்குறைய 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரும் டிஸ்ட்ரிக்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பிரின்ஸ்டன் என்று தபால் முகவரி உள்ள எத்தனையோ வீடுகள் உண்மையில் வெஸ்ட் விண்ட்சரிலோ, சவுத் பிரன்ஸ்விக்கிலோ, லாரன்ஸிலோ இருக்கின்றன. விளம்பரத்தில் பிரின்ஸ்டன் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பிள்ளைகள் போகப்போவது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு. அந்தப் பள்ளியும் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் தெரிந்து போக வேண்டும் இல்லையா? இதே மாதிரி மன்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க் இரண்டும் சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்பில் வருகின்றன. நம்மவர் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் எடிசன் பக்கம் ஒரு டிஸ்ட்ரிக்ட், இசெலின் பக்கம் போனால் அது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் டிஸ்ட்ரிக்ட். கிரான்பரி இன்னொரு வகை, எட்டாம் வகுப்பு வரைதான் சொந்தப் பள்ளி, ஹைஸ்கூலுக்குப் பிள்ளைகளைப் பிரின்ஸ்டனுக்கு அனுப்புகிறார்கள். ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் கோடு உண்டு: எடிசனில் ஜே.பி. ஸ்டீவன்ஸ், எடிசன் ஹை என்று இரண்டு ஹைஸ்கூல், வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோவில் நார்த், சவுத் என்று இரண்டு. எதில் இடம் என்பதை உங்கள் தெருதான் முடிவு செய்யும். அதனால் லீஸில் கையெழுத்துப் போடும் முன், கதவு எண்ணோடு முழு முகவரியையும் சொல்லி, டிஸ்ட்ரிக்டின் சேர்க்கை அலுவலகத்தைக் கேளுங்கள். வீட்டு விளம்பரத் தளங்களில் வரைபடத்தில் காட்டும் எல்லையை மட்டும் நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து தரவரிசை. பத்துக்கு ஒன்பது, பத்துக்கு எட்டு என்று தளங்கள் போடும் எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. படித்த, வசதியான பெற்றோர் கூடி வாழும் ஊரில் அந்த எண் தானாகவே உயரும். உங்கள் மகளுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று அது சொல்லாது. நியூ ஜெர்சி கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு அறிக்கை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள் எவ்வளவு பேர், என்னென்ன உயர்நிலைப் பாடங்கள் எடுக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து மூன்று பள்ளிகளின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.

நம்மவர்கள் விரும்பித் தேடிப் போகும் டிஸ்ட்ரிக்டுகளில் போட்டியின் அழுத்தம் கடுமையானது, இதை யாரும் வீடு பார்க்கும்போது சொல்வதில்லை. 2015ல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோவின் தலைமைக் கண்காணிப்பாளரே மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஹைஸ்கூலில் அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளை நீக்கினார்கள், வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் என்று வைத்தார்கள். பெற்றோர் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டது தேசியப் பத்திரிகைகள் வரை போனது. அந்த ஊருக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை, பிள்ளைகளின் நிலையை வெளிப்படையாகப் பேசிய டிஸ்ட்ரிக்ட் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதைதான் கூடியது. ஆனால் உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத்தான் தெரியும். போட்டி என்றால் குஷியாகும் பிள்ளையா, சத்தமில்லாமல் சுருங்கிப்போகும் பிள்ளையா? இரண்டாவது என்றால் தரவரிசையில் பத்துப் பதினைந்து இடம் கீழே இருக்கும் பள்ளி அவளுக்கு நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு பிள்ளைகளில் ஊரை முடிவு செய்ய வேண்டியது மகளுக்காக. மகன் எங்கே போட்டாலும் ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்வான். அவனைப் பெரும்பாலும் வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் போடுவார்கள், சென்னையில் ஒரு வருடம் முன்னாலேயே சேர்த்திருந்தால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்கலாம், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். மகளுக்குச் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு, அதாவது ஹைஸ்கூலின் முதல் வருடம். கல்லூரி பார்க்கும் மதிப்பெண் பட்டியல் அன்றிலிருந்து தொடங்குகிறது, அந்த நான்கு வருடமும் அவள் ஒரே பள்ளியில் இருப்பது பெரிய விஷயம். மாநில விதிப்படி பட்டம் பெற 120 கிரெடிட் வேண்டும், அமெரிக்க வரலாறு இரண்டு வருடம், உலக வரலாறு ஒரு வருடம், உடற்கல்வி ஒவ்வொரு வருடமும். பதினொன்றாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள் இதையெல்லாம் நெருக்கி முடிக்கப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் மகள் சரியான நேரத்தில் வருகிறாள். அதனால் "முதல் வருடம் எங்கேயாவது இருப்போம், அப்புறம் நல்ல ஊருக்கு மாறலாம்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது நல்ல யோசனை, உங்களுக்கு இல்லை.

அவளுடைய கணக்குப் பாடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இங்கே அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு என்று வருடத்துக்கு ஒன்றாக வரிசை போகும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் அல்ஜீப்ரா ஒன்றை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிடுவார்கள். புதிதாக வந்தவள் என்று ஒன்பதில் அங்கிருந்து தொடங்க வைத்தால், வழக்கமான வரிசையில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸைத் தொட முடியாது. சேர்க்கும்போதே கைடன்ஸ் கவுன்சிலரிடம் நிலையறியும் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். கவுண்டி அளவில் (நம் ஊர் மாவட்டம் போல, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அல்ல) நடக்கும் சிறப்பு அகாடமிகளுக்கு எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும், மகளுக்கு அது முடிந்துபோன கதை, மகனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சரி, இப்போது உங்களைப் பற்றி. கேள்வியில் கணவரின் பயணம் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது, நீங்கள் எங்கேயும் இல்லை. எச்-4ல் இருப்பவர் உடனே வேலைக்குப் போக முடியாது. 2015லிருந்து ஒரு வழி இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோருக்குக் கணவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடுவது) ஒப்புதலாகும்வரை காத்திருக்க வேண்டும். கணவரின் நிறுவனம் எல்-1ல் (நிறுவனத்துக்குள்ளேயே வேறு நாட்டுக் கிளையிலிருந்து மாற்றும் விசா) அனுப்ப முடியுமானால் அதைக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை, அதன் குடும்ப விசாவான எல்-2வில் வரும் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி விசாவோடேயே உண்டு. எப்படியானாலும் முதல் சில மாதங்கள் நீங்கள் வீட்டில்தான், கையில் லைசன்ஸ் இருக்காது, ஒரே கார் என்றால் அது ரயில் நிலையத்தில் நிற்கும். இங்கே பல குடியிருப்புகளில் நடைபாதைகூடக் கிடையாது. படத்தில் பார்க்க மரமும் புல்வெளியுமாக அழகாக இருக்கும், ஆனால் பால் வாங்கவே காரில்தான் போக வேண்டும். பதினொரு மணிக்குப் பள்ளி நர்ஸ் போன் செய்து "பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள்" என்பார். அப்போது எப்படிப் போவீர்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருக்கும் வீட்டைத் தேடுங்கள். பள்ளிக்கு நடந்து போகலாம், அல்லது பக்கத்து பிளாக்கில் கார் வைத்திருக்கும் நாலு குடும்பம் இருக்கிறது, ஏதோ ஒன்று. தனிமை எப்படி அழுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நடந்து போகும் தூரத்தில் நூலகம் இருந்தால் அது பெரிய வரம், உறுப்பினர் அட்டை ஊர்க்காரர்களுக்கு இலவசம், மழலைகளுக்குக் கதை நேரம் முதல் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வரை பல நூலகங்களில் நடக்கிறது.

பள்ளிப் பேருந்தையும் விசாரியுங்கள். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் தூரம் இருந்தால் பேருந்து விட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதற்குள் இருந்தால் டிஸ்ட்ரிக்டின் விருப்பம். 1.8 மைலில் வீடு எடுத்துவிட்டு, ஜனவரிப் பனியில் ஏழு வயதுப் பையனை எப்படி அனுப்புவது என்று பிறகு கவலைப்பட வேண்டாம்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடிசன், இசெலின் பக்கத்து ரயில் நிலையமான மெட்ரோபார்க்கிலிருந்து மன்ஹாட்டனின் நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி போல ஆகும், பிளெய்ன்ஸ்பரோ பக்கத்து பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ஒரு மணிக்கு மேல். அலுவலகம் வால் ஸ்ட்ரீட் பக்கம் என்றால் நுவார்க்கில் இறங்கி பாத் ரயில் மாற வேண்டும். நிலையத்தில் கார் நிறுத்த மாத பர்மிட் கிடைக்குமா, காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதா என்று முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எடிசனில்தான் பார்ப்பேன். ஓக் ட்ரீ ரோட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் அபார்ட்மெண்ட், முகவரியை டிஸ்ட்ரிக்டில் சரிபார்த்த பிறகு. மளிகை, மருந்துக் கடை, தமிழ் பேசும் டாக்டர் என்று லைசன்ஸ் இல்லாமலேயே உங்கள் நாள் ஓடும், மெட்ரோபார்க்கும் பக்கம். அங்கேயும் போட்டி குறைவில்லை, பள்ளிகளில் கூட்டமும் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். தரவரிசையைப் பார்த்து இசெலின் பக்கத்தை ஒதுக்குகிறவர்கள் நிறைய, நீங்கள் நேரில் பார்க்காமல் ஒதுக்க வேண்டாம். இரண்டாவது தேர்வு பிளெய்ன்ஸ்பரோ, பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்களில் நம் ஊர்க் குடும்பங்கள் நெருக்கமாக இருப்பதால் தனிமை குறைவு. ஜெர்சி சிட்டி தம்பதிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அருமையான இடம், ஹைஸ்கூல் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். வீடு வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சொத்து வரி நாட்டிலேயே இங்கேதான் அதிகம், மாநிலச் சராசரியே வருடத்துக்கு 10,000 டாலர் அளவில் நிற்கிறது, அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது.

வாடகைக்கு எடுக்கும்போது லீஸ் முடியும் மாதம் ஜூலை அல்லது ஆகஸ்டாக வருமாறு பேசுங்கள், டிசம்பரில் முடிந்தால் பள்ளி நடுவில் பெட்டி கட்ட நேரும். கடன் வரலாறு இல்லை என்று மூன்று மாத முன்பணம் கேட்பவர்கள் உண்டு, ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்க இந்த மாநிலத்தில் சட்டம் அனுமதிப்பதில்லை. தரைத்தள வீடு என்றால் வெள்ளம் வந்த இடமா என்று கேளுங்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மிச்சம் வந்தபோது மேன்வில் போன்ற ஊர்கள் மூழ்கின. 2024லிருந்து வெள்ள அபாயத்தை வீட்டுக்காரர் சொல்லியே ஆக வேண்டும்.

முடிந்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் சென்னையில் தேர்வு முடிந்ததும் மே மாதமே வந்துவிடுங்கள். இங்கே பள்ளி ஜூன் பின்பாதி வரை நடக்கும். மகள் சில வாரம் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தால், செப்டம்பரில் அந்தப் பெரிய ஹைஸ்கூலுக்குள் நுழையும்போது பெயர் தெரிந்த இரண்டு மூன்று முகங்களாவது இருக்கும். பிறப்புச் சான்றிதழ், டி.சி., கடைசி இரண்டு மூன்று வருட மதிப்பெண் அட்டைகள் கையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஆங்கிலத்தில் வாங்குங்கள். சின்னம்மை ஊசியும் ஹெபடைடிஸ் பி ஊசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆறாம் வகுப்பு முதல் டிடாப்பும் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்குமான ஊசி) மெனிங்கோகாக்கல் (மூளைக்காய்ச்சல்) ஊசியும் கேட்பார்கள், மகளுக்கு அதுவும் வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். பி.சி.ஜி. போட்ட பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையே செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையே என்று பயப்பட வேண்டாம், சேர்க்கைக்கு அது தேவையில்லை. அவர்கள் உறுதியாகக் கேட்பது வீட்டு முகவரிக்கான ஆதாரம், எனவே லீஸும், உங்கள் பெயரில் வந்த முதல் மின்சார பில்லும் தயாராக இருக்கட்டும்.