வாசகர் கேள்வி – பதில்: மரபுரிமைப் பதிவேடும் 2027 ஜனவரி 1ஆம் திகதியும்

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீடு மாநகரசபையின் மரபுரிமைப் பதிவேட்டில் இருக்கிறது. சமையலறையைத் திருத்த முடியாதா? (கனடா, ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் வாசகி)

மரபுப் பெறுமதியுள்ள கட்டடங்களைக் குறித்துவைக்கும் இந்தப் பதிவேட்டில் பிரகடனம் செய்யப்பட்டவை, வெறுமனே பட்டியலிடப்பட்டவை என்று இரு வகை உண்டு. உங்கள் வீடு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். பதிவேட்டை இணையத்தளத்தில் வைத்திருப்பது சபையின் சட்டக் கடமை. வீட்டுக்கென்று உபவிதி (சபை இயற்றும் சட்டம்) இருந்தால் அது மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதில் எழுதியுள்ள மரபுரிமைக் கூறுகளைப் பாதிக்கும் மாற்றத்துக்குச் சபையின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வெறுமனே பட்டியலிடப்பட்ட வீடென்றால் வழமையான கட்டட அனுமதி போதும், இடிப்பதற்கு மட்டுமே 60 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பின்பக்கத்தில் ஒரு பகுதியை இடிக்கும் எண்ணம் இருந்தால், வேலைக்கு ஆள் பிடிக்க முன்னரே மரபுரிமைத் திட்டமிடல் பிரிவைக் கேளுங்கள். யூனியன்வில், தோர்ன்ஹில் போன்று முழுப் பகுதியாகவே பாதுகாக்கப்படும் மரபுரிமை வட்டாரங்களுக்கு விதிகள் வேறு.

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள பழைய பாடசாலைக் கட்டடம் 2027இல் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா? (ஸ்காபரோ வாசகர்)

சபை அசையாமல் இருந்தால் நீங்கத்தான் வேண்டும். முன்பு ஒரு கட்டடம் எத்தனை வருடமும் பட்டியலில் இருக்கலாம். 2022இல் வந்த 23ஆம் இலக்கச் சட்டமூலம் ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தை மாற்றியது: பட்டியலிட்டு இரண்டு வருடங்களுக்குள் 'பிரகடனம் செய்ய உத்தேசம்' என்ற அறிவித்தல் வராவிட்டால் நீக்கவேண்டும். 2022 முடிவுக்குள் பட்டியலில் இருந்தவற்றுக்கு முதலில் வைத்த காலக்கெடு 2025 ஜனவரி 1. 2024இல் 200ஆம் இலக்கச் சட்டமூலம் அதை 2027 ஜனவரி 1க்குத் தள்ளியது. பின்னர் சேர்ந்தவற்றுக்கு அந்த நீடிப்பு இல்லை. நீக்கியதை ஐந்து வருடங்களுக்குத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. சபையின் தாமதத்துக்குக் கட்டடம் தண்டனை அனுபவிப்பது பெரிய அநியாயம்.

நீங்கினால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதன் பின்னரும் சபை பிரகடனம் செய்யலாம். ஆனால் இடிக்க முன் அறிவிக்கவேண்டிய 60 நாள் அவகாசம் போய்விடும். அதைவிடப் பாரதூரமானது இன்னொன்று: காணியின் வலய மாற்றத்துக்கு (அதில் என்ன கட்டலாம் என்ற விதியை மாற்றுவதற்கு) யாராவது முழுமையான விண்ணப்பம் கொடுத்துவிட்டால், அந்த நேரம் பட்டியலில் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும்தான் உத்தேச அறிவித்தல் கொடுக்கலாம், அதுவும் 90 நாட்களுக்குள். பட்டியலில் இல்லாவிட்டால் சபையின் கை கட்டப்பட்டுவிடும்.

ஆகவே இப்போதே நகரசபைக் கிளார்க்குக்கும் உங்கள் கவுன்சிலருக்கும் எழுதுங்கள். "இந்தக் கட்டடம் மதிப்பிடப்பட்டதா, அறிக்கை எந்தக் கூட்டத்துக்கு வருகிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். பட்டியலிட, மாகாண ஒழுங்குவிதி சொல்லும் ஒன்பது அளவுகோல்களில் ஒன்று போதும், பிரகடனத்துக்கு இரண்டு வேண்டும். "அழகான பழைய கட்டடம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. கட்டிய ஆண்டு, வடிவமைத்தவர், அங்கே நடந்த சமூக வேலைகள், தெருவின் தோற்றத்தில் அதன் இடம் ஆகியவற்றை அளவுகோல்களோடு பொருத்திக் காட்டுங்கள். பழைய தீக்காப்புறுதி வரைபடங்கள், நகர விபரக்கொத்துகள், காணிப் பதிவுகள், திகதியுள்ள புகைப்படங்கள் ஆகியவை கைகொடுக்கும். ஊழியர் அறிக்கை, மரபுரிமைக் குழு, சபைக் கூட்டம் என்று மாதங்கள் ஓடிவிடும். மார்கழியில் எழுதிப் பயனில்லை.

உத்தேச அறிவித்தல் வந்ததும் அசந்துவிட வேண்டாம். அது வெளியாகி 120 நாட்களுக்குள் உபவிதி நிறைவேறாவிட்டால் அறிவித்தல் மீளப்பெறப்பட்டதாகிவிடும், பட்டியலிலிருந்தும் நீங்கும்.

கேள்வி: பட்டியலிட்டதை உரிமையாளர் எதிர்க்கலாமா? (பிரம்டன் வாசகர்)

ஆம். காரணங்களை எழுதிக் கிளார்க்குக்கு அனுப்புங்கள், அதற்குக் காலக்கெடு கிடையாது. சபை முடிவெடுத்து 90 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். அந்த முடிவுக்கு எதிராக ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குப் போகமுடியாது. பிரகடன உபவிதி என்றால் போகலாம், உபவிதி நிறைவேறியது பற்றிய அறிவித்தல் வெளியாகி 30 நாட்களுக்குள்.