மீந்த இரண்டு பைகள்

அன்புள்ள ஐயா,

ஒரு சிறிய மெதடிஸ்ட் சபையில் 4 வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். ஆராதனைக்கு 40 பேர் வந்தால் எங்களுக்கு அது நல்ல ஞாயிறு. வேலைக்கு மட்டும் குறைவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய 4 வாரங்களான திருவருகைக் காலம் பிறந்தால் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம், கேரல் பவனி, ஏழைகளுக்குப் பரிசுப் பை. வருடக் கடைசி இரவில் விழிப்பு ஆராதனை, ஜனவரியில் எங்களைக் கடவுளுக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை. பிறகு ஈஸ்டருக்கு முந்தைய லெந்துகால ஜெபக்கூட்டங்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை. எல்லாவற்றுக்கும் ஓடுவது அதே 7 பேர். அவர்களில் 4 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

போன கிறிஸ்மஸுக்கு 30 பைகள் தயாரித்து 28 வீடுகளில் கொடுத்தோம். 2 வீடுகளில் ஆள் இல்லாததால் மீந்துவிட்டன. மற்றபடி நன்றாகவே நடந்தது. ஆனாலும் எனக்குச் சோர்வாக இருக்கிறது. சில நிகழ்ச்சிகளை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சபை செத்துப்போகும் என்கிறார் பொருளாளர். வளையத்தில் மூன்றாம் வாரத்து மெழுகுவர்த்தி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமா என்பதற்கே 2 கூட்டம் போட்டோம். சேவைக்கு ஆட்களை எப்படிச் சேர்ப்பது? நீங்களும் மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். "2 வீடுகளில் ஆள் இல்லாததால் மீந்துவிட்டன." அதை ஒட்டியே "மற்றபடி நன்றாகவே நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

மெழுகுவர்த்தியின் நிறத்தை முதலில் விட்டுத் தொலையுங்கள். எந்த நிறமானாலும் எரியும். அந்த வளையம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன். கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தினமும் கேட்டதால் 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றி, அவர்களோடு நாளை எண்ணினார் என்பார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்த பொருள் அது. அதன் நிறத்துக்காகப் பெரியவர்கள் இரண்டு மாலைகளைச் செலவழித்தீர்கள். அந்த இரண்டு மாலைகளில் இரண்டு வீடுகளுக்குப் போயிருக்கலாம்.

இளைஞர்கள் படம் எடுத்தால் எடுக்கட்டும். நாற்காலி தூக்கச் சொல்லியிருப்பீர்கள், ஒலிபெருக்கி கட்டச் சொல்லியிருப்பீர்கள். படுத்துக் கிடக்கும் ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க யாரையாவது கேட்டீர்களா? கேட்காமல் குறை சொல்லாதீர்கள்.

நிகழ்ச்சிகளை நிறுத்தலாமா என்றால், தாராளமாக நிறுத்துங்கள். 1755 ஆகஸ்டில் லண்டனில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நடத்திய முதல் உடன்படிக்கை ஆராதனையில் சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் சொன்னார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் நீங்களும் அந்த வழியில்தான் நிற்கிறீர்கள். உமக்காக என்னை வேலையில் அமர்த்தினாலும் சரி, உமக்காக என்னை ஒதுக்கிவைத்தாலும் சரி என்று அந்த ஜெபத்தில் வருகிறதே, வாய் சொல்லும்போது காது கேட்கவில்லையா? அறுபதைத் தாண்டிய அந்த நாலு பேரை ஒரு வருடம் ஒதுங்கி உட்கார விடுங்கள். நீங்களும் உட்காருங்கள். சோர்வு பாவம் அல்ல. உங்களைப் போன்றவர்கள் ஓடி ஓடி நொந்துபோய், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சபையை விட்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி உங்களை இழக்க உங்கள் சபைக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது அந்த இரண்டு வீடுகள்.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதுவரை சபையின் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரல் அவருடையது. முதல் மாதம் நிறையப் பேர் வந்தார்கள். பிறகு குழுவில் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றார், வருகையும் நின்றுபோனது. அந்த டிசம்பரில் கேரல் குழு எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பாவின் அறை வீட்டின் பின்பக்கம். பாட்டு அவருக்குக் கேட்டது, பாடியவர்கள் யாரும் அவர் கண்ணில் படவில்லை. வேலை செய்த பாதி வாயால் அவர் தன் பேஸ் வரியை முனகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அம்மா கையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். பட்டியல் வைத்திருந்த அண்ணன் எழுதுவதற்கு வெளிச்சம் போதாமல் என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் பெயருக்கு நேரே அவர் எழுதிய சொல்லை நான் பிடித்த வெளிச்சத்திலேயே படித்தேன். "முடிந்தது."

அவர் கெட்டவர் அல்ல. அன்று இரவு இன்னும் பதினைந்து வீடுகள் அவருக்குப் பாக்கி இருந்தன. ஆனால் அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

வந்துகொண்டே இருந்தவர் ஒருவர்தான். ஆலயத்தைப் பெருக்கி மணி அடிப்பவர். எந்தக் குழுவிலும் அவர் பெயர் இருந்ததில்லை. வியாழக்கிழமை தோறும் வருவார். கையைக் கழுவிக்கொண்டு அப்பாவின் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். பக்கவாதம் வந்த கை நாளாக ஆக இறுகி மூடிக்கொள்ளும். நகம் வளர்ந்து உள்ளங்கையையே குத்திப் புண்ணாக்கும், உள்ளே வியர்வை தங்கி நாறும். நாங்கள் பிள்ளைகள் அந்தக் கையைத் தொடத் தயங்கினோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒவ்வொரு விரலாக நீவி விரித்து, ஈரத்துணியால் உள்ளங்கையைத் துடைத்து, நகவெட்டியால் வெட்டுவார். வெட்டிக்கொண்டே, "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். அப்பாவின் நாக்கு குழறும், ஒரு வாக்கியம் முடிய ஐந்து நிமிடம் ஆகும். ஒருநாளும் அவர் அந்த வாக்கியத்தைத் தானே முடித்ததில்லை.

வெகுகாலம் கழித்து மெதடிஸ்ட் வரலாற்றைப் படிக்கும்போது லண்டன் சபையின் ஒரு ஏற்பாடு கண்ணில் பட்டது. நோயாளிகளைப் பார்க்க யார் யாருக்கு விருப்பம் என்று கேட்டு, முன்வந்தவர்களில் 46 பேரை வெஸ்லி தேர்ந்தெடுத்தார். நகரத்தை 23 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இருவரை அனுப்பினார். தம் பகுதியில் உள்ள ஒவ்வொரு நோயாளியையும் அவர்கள் வாரத்துக்கு 3 முறை பார்க்க வேண்டும். அவர்களுக்கு நாலே விதிகள். ஆத்துமாக்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசு. சாந்தமாக, இளகிய மனதோடு, பொறுமையாக இரு. நோயாளிக்குச் செய்வதையெல்லாம் சுத்தமாகச் செய். அருவருப்புப் பார்க்காதே. நாலாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் மணியடிப்பவர் வெஸ்லியின் ஒரு வரியைக்கூடப் படித்திருக்க மாட்டார்.

சகோதரி, வாரத்துக்கு 3 முறை. உங்கள் பட்டியலில் வருடத்துக்கு ஒரு முறை.

வெஸ்லியும் பருவம் பார்த்துப் பொருள் கொடுத்தவர்தானே என்று உங்கள் பொருளாளர் சொல்லக்கூடும். கொடுத்தார். குளிர்காலத்தில் சபையின் ஏழைகளுக்குக் கரியும் ரொட்டியும் கொடுப்பது அவர்களுக்கு வழக்கம். 1785 ஜனவரி 4ஆம் தேதி, அவர்களுக்கு உடையும் இல்லை என்று அவருக்குப் பட்டது. அன்றும் அடுத்த நாலு நாளும் லண்டன் தெருக்களில் நடந்து, கையேந்தி 200 பவுண்டு திரட்டினார். உருகும் பனி கணுக்கால் அளவு கிடந்தது. காலை முதல் மாலை வரை தன் பாதங்கள் பனித்தண்ணீரில் ஊறிக்கிடந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வயது 81. அந்த வாரக் கடைசியில் நோயில் படுத்துவிட்டார். உடை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? வாழ்நாள் முழுக்க அந்த வீடுகளுக்குள் போய்வந்தவர் என்பதால் தெரிந்தது. வாசலில் நின்று பை கொடுக்கிறவருக்கு உள்ளே போர்வை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

உங்கள் விழிப்பு ஆராதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கிங்ஸ்வுட் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் இரவில் கூடி விழித்திருந்து ஜெபித்ததிலிருந்து வந்தது அது. வெஸ்லி அதற்கு நாள் குறித்தபோது பௌர்ணமிக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். தூரத்திலிருந்து வருகிறவர்கள் போக, வர வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. முடிந்து வீட்டுக்கு எப்படிப் போவார்கள் என்று யோசித்துவிட்டு நாள் வைத்திருக்கிறார்கள். உங்கள் நாட்காட்டியில் எந்த நாளாவது அப்படி வைத்ததா?

நம் வேதாகமத்தில் ஒரு சொல் இருக்கிறது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." விசாரிப்பது என்றால் கேட்பது, அக்கறைப்படுவது, பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வது, மூன்றும்தான். பேதுருவின் நிருபத்தில் கடவுளுக்கே அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறது, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று. இவ்வளவு நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, 'பரிசு விநியோகம்' என்று அறிக்கை எழுதுகிறோம். விநியோகத்தில் மீதி இருக்கும், கணக்கு இருக்கும். 28 போக 2. விசாரிப்பில் அந்தக் கழித்தல் கிடையாது.

அப்பா படுத்த மூன்றாம் வருடம் எங்களுக்குப் பை வரவில்லை. அன்று மாலை அவருக்குக் காய்ச்சல். அம்மா மருந்து வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் கேரல் குழு வந்து போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை மணியடிப்பவரிடம் அப்பா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பாடினார்களாம். கதவைத் தட்டினார்களாம். அப்பா உள்ளிருந்து கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரல் அறையைத் தாண்டவில்லை. "ஆள் இல்லப்பா, எழுதிக்கோ" என்று வாசலில் யாரோ சொன்னது அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. மணியடிப்பவர் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார். அடுத்த லெந்துகாலத்தில் அப்பா இறந்துபோனார்.

உங்கள் கடிதத்தில் அந்த வரியை என்னால் தாண்ட முடியாமல் போனது இதனால்தான். உதவி வேண்டும் என்று நீங்களே பட்டியலில் சேர்த்த இரண்டு வீடுகள். அந்த இரவில் அங்கே ஏன் ஆள் இல்லை? ஆஸ்பத்திரியிலா? பிள்ளை வீட்டிலா? உள்ளேயே எழ முடியாமலா? டிசம்பர் போய் இத்தனை மாதமாகிறது. பொருளாளர் கேட்கவில்லை, போதகர் கேட்கவில்லை, நீங்கள் கேட்டதாகவும் எழுதவில்லை. உங்களைத் திட்டுகிறேன் என்று தெரிகிறது. நொந்துபோய் எழுதியவரைத் திட்டுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு பேரில் கணக்கை மறைக்காமல் எழுதியவர் நீங்கள் ஒருவர், அதனால் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

ஆட்களைச் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். படம் எடுக்கிற பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே அந்த இரண்டு வீடுகளுக்கும் போங்கள். பையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். தட்டிப் பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆள் இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், பதில் முடியும்வரை நீங்கள் எழ வேண்டாம். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்