ஆயிரம் ரூபாயும் சீலா விலையும்

கேள்வி: மகளிருக்கு மாதம் 1,000, மீன்பிடித் தடைக்காலத்துக்கு 8,000 என்று அரசு கொடுப்பதால்தான் விலைவாசி ஏறுகிறதா? – தங்கச்சிமடம் வாசகி

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை, அக்கா. நான் பாம்பன்காரன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது சீலா மீன் விலை எகிறும். அந்த 8,000 வந்தாலும் வருமானம் நின்றிருப்பதால் அப்போது மீனவர் கையில் காசு கூடியிருக்காது, மீன்தான் குறைந்திருக்கும். வரிப்பணத்தில் கொடுத்தால் காசு கைமாறுகிறது, அவ்வளவுதான். புதிதாக நோட்டு அடித்துக் கொடுத்தால் விலை ஏறலாம்; மாநிலம் நோட்டு அடிக்க முடியாது. மத்திய அரசுக்கே, நோட்டு அடிக்கும் ரிசர்வ் வங்கியிடம் நினைத்தபடி கடன் வாங்கும் வழி 1997-இல் அடைபட்டது. ஆனால் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டே போனால் வட்டி கழுத்தை நெரிக்கும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதே கடனில் ஐஸ் பிளான்ட் கட்டினால் மீன் வீணாகாது, விலையும் ஓரளவு நிற்கும். ஐஸ் கிடைக்காமல் என் அம்மா ஒரு கூடை மீனை மணலில் புதைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.