இரண்டாவது மாடு வாங்கும் முன்

கேள்வி: திருவட்டாறு பக்கம் எங்களுக்கு 40 சென்ட் விளை (தோட்டம்). தென்னை, வாழை, ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி). ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று நிற்கிறது. கன்று போட்டு 7 மாதம் ஆகிறது. முதலில் 9 லிட்டர் கறந்தது, இப்போது 5 லிட்டர்தான். தினமும் 5 கிலோ தீவனம், வைக்கோல், சோற்றுக்கஞ்சி கொடுக்கிறேன். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. முழுப் பாலையும் பால் கூட்டுறவு சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். தீவனக் கடன் போக மிச்சமில்லை. பிள்ளைகளுக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயாதான். லோன் போட்டு இன்னொரு மாடு வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. ஒரு மாட்டுக்கே விளையில் புல் இல்லை. இன்னொன்று வந்தால் தீவனக் கடன்தான் இரட்டிக்கும்.

7 மாதத்தில் பால் குறைவது இயற்கைதான். என்னைக் கவலைப்படுத்துவது சினை பிடிக்காததுதான். கன்று போட்ட இரண்டு மூன்று மாதத்தில் சினை நின்றிருந்தால், இன்னும் நான்கைந்து மாதத்தில் அடுத்த கறவை தொடங்கியிருக்கும். இன்றைக்கே நின்றாலும் இனி ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வருமானம் ஒழுகும் ஓட்டை இதுதான்.

மாடு கத்துவது, கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுவது ஆகிய பருவ அறிகுறிகள் காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி, 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை மீண்டும் பருவத்துக்கு வருகிறதா என்று காலையும் மாலையும் கவனியுங்கள். மூன்று ஊசிக்கும் நிற்காததால் நான்காவதைப் போடும் முன் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைப் பரிசோதியுங்கள். தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். தவிடும் புண்ணாக்கும் தாது உப்புக் குறையை நிரப்பாது.

தீவனக் கணக்கு: உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 5 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ போதும். ஆனால் பசும்புல் இல்லாமல் தீவனத்தை மட்டும் குறைத்தால் மாடு மெலியும். புல் வரும்வரை பொறுங்கள். கஞ்சியை நிறுத்துங்கள். அது வயிற்றைப் புளிக்க வைக்கும். சக்கை (பலா) காலத்தில் விழுந்த பழத்தை மாடு வயிறுமுட்டத் தின்றால் நேர்வதும் இதேதான். உங்கள் பக்கத்தில் ஆனி மாதத்தில் மாடு படுத்துவிட்டது என்று ஆள் வந்தால், நான் முதலில் கேட்பது சக்கையைப் பற்றித்தான்.

வெளி மாவட்ட வைக்கோலை நம்புவதைவிட 10 சென்டைப் புல்லுக்கு ஒதுக்குங்கள். வெயில் விழும் இடத்தில் கோ 5 கம்பு நேப்பியர், தென்னை நிழலில் கோ 3 கினியாப் புல். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஒரேயடியாக அறுக்காமல் வரிசை வரிசையாக அறுத்தால் தினமும் புல் கிடைக்கும். தொழுவம் கழுவிய தண்ணீரை அங்கேயே திருப்பிவிடுங்கள். வேலியோரம் அகத்தியும் சீமைக்கொன்னையும் (கிளைரிசிடியா) நடுங்கள். சீமைக்கொன்னையை முதலில் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். ஒரு நாள் வாடவிட்டுப் புல்லோடு கலந்து போட்டுப் பழக்குங்கள். மரச்சீனி இலையைப் பச்சையாக ஒருபோதும் போட வேண்டாம். அதிலுள்ள நஞ்சு மாட்டைக் கொன்றுவிடும். நறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

சொசைட்டிக்கு ஊற்றும் முன் 1 லிட்டரை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். இதை நஷ்டமாக எண்ணாதீர்கள். கடையில் அதே பாலைக் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 250 மில்லிப் பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதம், 300 மில்லிகிராம் கால்சியம். மரச்சீனியும் மீனும் உண்ணும் வீட்டில், மீன் இல்லாத நாளில் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து குறைவு; முருங்கைக்கீரை அதற்கு. நன்றாகக் காய்ச்சியே கொடுங்கள். பச்சைப் பாலில் கன்று வீச்சு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும்.

கன்று கிடாரியா என்று எழுதவில்லை. கிடாரி என்றால் விற்காதீர்கள். குடற்புழு மருந்தும் கோமாரித் தடுப்பூசியும் தவறாமல் போட்டு, தாது உப்பும் புல்லும் கொடுத்து வளர்த்தால் ஒன்றரை வயதை ஒட்டிச் சினைக்கு வரும். அதற்குள் புல்லும் கட்டுக்கட்டாக வந்துவிடும்.